மாப்பிள்ளை வாசித்த கல்யாணம்

பட்டு வேட்டி நழுவிவிடக் கூடாதென்று இடுப்பில் பெல்ட்டும் கட்டிக்கொண்டு, தாம்பரம் சர்ச்சின் முதல் பெஞ்சில் மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார்ந்திருந்த ஹென்னிங் ஃபோக்டுக்கு போன் வந்தது. பேசியவள் சின்மயி. காட்டாங்குளத்தூர் யுனிவர்சிட்டியில் அவரிடம் ஆர்கன் படிப்பவள். இன்றைக்குக் கல்யாணத்தில் வாசிக்க வேண்டியவளும் அவள்தான்.

"சார், வண்டலூர் தாண்டி ட்ரெயின் நின்னுடுச்சு. எப்போ கிளம்பும்னு யாருக்கும் தெரியலை. உங்க நோட்ஸ் எல்லாம் என் பையிலதான் இருக்கு."

உங்க நோட்ஸ் என்பது, மணப்பெண் பியூலா சர்ச்சுக்குள் நடந்து வருவதற்கென்று அவர் மூன்று மாதம் உட்கார்ந்து எழுதிய இசை. அவளிடம் கவலைப்படாதே என்று சொல்லிவிட்டு, அவர் கவலைப்பட ஆரம்பித்தார்.

ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர் சர்ச்சில் முப்பது வருஷம் ஆர்கன் வாசித்தவர் அவர். இசை எழுதினார், கல்லூரியில் பாடமும் நடத்தினார். அவர் கற்றுக்கொடுத்தது ஒரே வித்தை: தாளைப் பார்க்காமல், வந்த நிலைமைக்கு வந்தபடி வாசிப்பது. போதகர் பிரசங்கத்தை வீட்டில் மறந்துவிடுவார், சவப்பெட்டி வந்த வண்டி பனியில் சிக்கிக்கொள்ளும், ஞானஸ்நானக் குழந்தை அழுகையை நிறுத்தாது. அத்தனை நேரமும் சபை சலிக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டுமே! அதுதான் அவர் உத்தியோகம். ஆனால் ஆர்கன்காரர் சபைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார முடியும். தலைக்கு மேல் ஒரு கண்ணாடி இருக்கும். அதில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு வெள்ளைப் புள்ளி ஊர்ந்து வந்தால், மணப்பெண் வருகிறாள் என்று அர்த்தம். எத்தனையோ கல்யாணங்கள், நடந்து வரும் ஒரு பெண்ணின் முகத்தைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை.

யுனிவர்சிட்டி வேலைக்கென்று இங்கே வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த சர்ச்சில் வாசிக்கப் போய், பாடகர் குழுவிலிருந்த ஸ்கூல் டீச்சர் பியூலாவிடம் தமிழ் கற்றுக்கொண்டு, ஐம்பத்திநான்கு வயதில் முதல் கல்யாணத்துக்குத் தயாரானபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நீ நடந்து வரும்போது நான் உன் எதிரில் நிற்க வேண்டும்."

"பின்ன வேற எங்க நிப்பீங்களாம்?" என்று சிரித்தாள் அவள்.

இப்போது ஆயர் வந்து கையைப் பிசைந்தார். பெண் வீட்டார் கிளம்பிவிட்டார்களாம். சர்ச்சில் சத்தமே இல்லாவிட்டால் நன்றாகவா இருக்கும்? மைக்செட் குப்புராஜைக் கேட்டுப் பார்த்தார்கள். பியூலாவின் தெருக்காரர் அவர். "பென்டிரைவ் கீது ஐயரே. ஆனா அதுல எல்லாம் கட்சி மீட்டிங் பாட்டு" என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

ஹென்னிங் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆர்கன் இருந்த மாடிக் கேலரியின் படியில் ஏறினார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்கட்டைகளில் பாதத்தை வைத்தார். வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அந்த இரண்டு ஸ்வரத்தையே பிடித்துக்கொண்டார். அதைக் குழைத்தார், தலைகீழாகப் போட்டார், குழந்தைகள் குதிக்கிற மாதிரி ஓடவிட்டார். அடுத்த ஹாரனுக்கு அவர் அதே சுருதியில் பதில் சொன்னதும் சபை முழுக்கத் திரும்பி, கேலரியைப் பார்த்துச் சிரித்தது. அவருக்கும் உற்சாகம் தாங்கவில்லை. கொஞ்ச நேரம் இது யார் கல்யாணம் என்பதையே மறந்துவிட்டார்.

குப்புராஜ் மூச்சிரைக்க மேலே வந்து நின்றார். "இன்னா மாப்ள சார், உன் கல்யாணத்துக்கு நீயே பேண்டா? பொண்ணு வாசலாண்ட வந்து நிக்குது. எறங்கு."

"நான் இறங்கினால் இசை நின்றுவிடுமே."

"நிக்கட்டும். இங்கியே குந்திகினா தாலிய யாரு கட்றது?"

ஹென்னிங் கண்ணாடியைப் பார்த்தார். கட்டைவிரல் உயரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. இருபது வருஷமாக இந்த சர்ச்சின் எல்லாப் பெண்களுக்கும் பாடி வரவேற்றவள், தன் முறை வரும்போது ஊமைச் சபையில் நடப்பதா? இல்லை, இவளையும் கண்ணாடியில்தான் பார்ப்பதா?

சட்டைப் பையில் தேடினார். இரண்டு கல்யாணப் பத்திரிகைகள் இருந்தன. அவற்றை மடித்து மடித்துக் கெட்டியாக்கி, ஒரு ஷட்ஜக் கட்டையை அழுத்தி அதன் இடுக்கில் ஒன்றைச் செருகினார். பஞ்சமத்தின் இடுக்கில் இன்னொன்று. கையை எடுத்தார். ஒலி நிற்கவில்லை. தம்பூரா போல ஒரே சீராகச் சர்ச் முழுக்க நிறைந்து நின்றது.

"அட, வாசிக்காமயே வாசிக்குதே" என்றார் குப்புராஜ்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஹென்னிங் செருப்பை மறந்து, வேட்டியை ஒரு கையில் பிடித்தபடி பாதிப் படி இறங்கியிருந்தார்.

ஆயர் பக்கத்தில் போய் நின்று திரும்பியபோது, சபை குழம்பிப்போய் எழுந்து நின்றிருந்தது. சுருதி இருக்கிறது, பாட்டு எங்கே? வாசலில் அண்ணன் பொன்னுசாமியின் கையைப் பிடித்து நின்ற பியூலா தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு நேராக இவரைப் பார்த்தாள். மேலே ஆர்கனில் யாரும் இல்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு ஸ்வரத்தை இவ்வளவு நேரம் சும்மா விட்டுவைக்கிற ஆளா அவர்?

அவள் பாட ஆரம்பித்தாள். மணப்பெண் பாடுகிற வழக்கம் அந்த சர்ச்சில் இல்லை. அண்ணன் பதறிக் காதோரம் குனிந்து ஏதோ சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டுப் பாடினாள். எல்லோருக்கும் தெரிந்த கீர்த்தனைதான். இரண்டாவது வரியில் குழுப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாவதில் சபையே சேர்ந்துகொண்டது.

அவள் நடந்து வந்தாள். மெல்லிய முகத்திரைக்குள் மேலுதட்டு வியர்வை தெரிந்தது. உச்ச ஸ்தாயிக்குப் போகும்போது அவளுடைய இடது புருவம் மட்டும் உயரும் என்பது இன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. பாட்டு முடிகிற இடம் வந்தபோது இன்னும் நாலு பெஞ்சு தூரம் இருந்தது. ஆயர் புத்தகத்தைத் திறந்தார். பியூலா நடுவழியில் நின்று, ஹென்னிங்கைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அவசரமே இல்லாமல் பல்லவிக்குத் திரும்பிப் போனாள்.