கதவில் ஒட்டிய தாள்

யாங்கூனின் பசுன்டவுங் பகுதியில் இருக்கும் ஒரு சரக்குக் கம்பெனியில் தனசேகரனும் ஃபஹீமாவும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சர்வர் அறையில் இரண்டு அடுக்குகள். இடது அடுக்கு அவன் பொறுப்பு, வலது அடுக்கு அவள் பொறுப்பு. ஒன்பது வருஷமாக அப்படித்தான்.

யாங்கூனில் கரண்டு முறை வைத்து வருகிறது. முறை தவறியும் போகிறது. போனால் பேட்டரி பன்னிரண்டு நிமிஷம் தாங்கும். அதற்குள் ஜெனரேட்டர் பிடிக்காவிட்டால் சர்வர்களை ஒவ்வொன்றாக அணைத்து, பிறகு சரியான வரிசையில் எழுப்ப வேண்டும். பிசகினால் சரக்குப் பதிவுகள் குழம்பிவிடும்.

தன் அடுக்கின் வரிசையைத் தனசேகரன் எங்கும் எழுதவில்லை. தலையில் வைத்திருந்தான். தீமிதி நாளில் மஞ்சள் துணியோடு கோயிலில் நின்றபடியே அதைப் போனில் சொல்லியிருக்கிறான். அதைப் பலரிடம் பெருமையாகவும் சொல்லியிருக்கிறான்.

ஃபஹீமா தன்னுடையதைப் பர்மிய மொழியில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, அறைக் கதவில் ஒட்டினாள். ஜெனரேட்டர் பார்க்கும் கோ டுன் கூட அதைப் படித்து வலது அடுக்கை எழுப்பிவிடுவார்.

“வேலைய கதவுல ஒட்டிட்டா அப்புறம் நீ எதுக்கு?” என்று அவன் ஒருமுறை கேட்டான்.

“லீவு போறதுக்குண்ணே.”

ஊருக்கு வடக்கே மிங்கலாடோனில் கம்பெனி புதிய சர்வர் மையம் கட்டியது. அதன் தலைமைப் பொறியாளர் பதவிக்காகத் தனசேகரன் ஆறு மாதம் படித்து இரண்டு சான்றிதழ் தேர்வுகளில் தேறினான். ஃபஹீமா ஒன்றுதான் எழுதினாள். பதவி அவளுக்குப் போனது.

அன்று கண்ணில் பட்டதெல்லாம் அவனுக்கு எரிச்சலாக இருந்தது. அவள் மேசையைச் சுற்றி நின்ற கூட்டம், அவள் வீட்டிலிருந்து வந்த பிரியாணிப் பாத்திரம், திடீரென்று அவளைச் ‘சயாமா’ என்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்த கோ டுன். பிரியாணியை அவன் தொடவில்லை. பசியில்லை என்று சொல்லிவிட்டு, கீழே கடைக்குப் போய் மொஹிங்கா நூடுல்ஸ் சாப்பிட்டான்.

மறுநாள் மேலாளர் ஊ மின் சோவிடம் காரணம் கேட்டான். அவர் ஒளிக்கவில்லை.

“கோ தனா, உன்னைத்தான் முதல்ல நினைச்சேன். உன்னை அங்க அனுப்பிட்டா இடது அடுக்க யார் எழுப்புறது? மா ஃபஹீமாவுக்குக் கதவுல தாள் இருக்கு.”

அவள் கிளம்புகிற நாளில் ஒரு வெற்று பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து அவன் மேசையில் வைத்தாள்.

“அடுத்த வருஷம் மண்டலேயில இன்னொண்ணு கட்டுறாங்கண்ணே. உங்களதையும் எழுதி இதுல போட்டுருங்க.”

பதவியையும் வாங்கிக்கொண்டு புத்தியும் சொல்கிறாள் என்று நினைத்தான். ஆனாலும் அவள் போனபின் ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தான். முதல் வரி, இரண்டாவது, மூன்றாவது. நான்காவதை எழுதப்போனபோது கரண்டு போனது. ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது. கோ டுன் ஓடிவந்தார். கதவுத் தாளைப் பார்த்து வலது அடுக்கை அணைத்துவிட்டதாகவும், இடது பக்கம் என்ன செய்வதென்று தெரியவில்லை என்றும் சொன்னார்.

மேசையிலிருந்த தாளை அவரிடம் நீட்டி, மீதியைச் சொல்லச் சொல்ல எழுதவைத்திருக்கலாம்.

“நீங்க தொடாதீங்க. நான் வர்றேன்.”

எழுந்தான். மூன்று வரியோடு நின்ற தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஒரு வாரத்தில் அன்றுதான் அவன் முகம் தெளிந்திருந்தது.