கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் இடக்கைக்காரன்

"பெட்டியைத் திறங்க சார்" என்றாள் அவள்.

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூக்கில் மாட்டும் கண்ணாடியை அல்ல, காட்சிப் பெட்டியின் கண்ணாடியை. மஞ்சள் துணி பாதி வழியில் நின்றது. ஸ்டூல் மேல் ஏறி விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்த சீனியர் அக்கா, தனக்குக் காதே கிடையாது என்பதுபோல் கூரையைப் பார்த்தாள்.

அந்தப் பெட்டி தொல்லியல் துறைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே அக்கா எச்சரித்திருந்தாள். "சார்கிட்ட லீவு கேளு, கையெழுத்து கேளு, தைரியம் இருந்தா மார்க்குகூடக் கேளு. அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லி மட்டும் கேட்டுடாத."

"கேட்டா என்னக்கா ஆகும்?"

"நான் கேட்டேன். இன்னும் ஆய்வேடு எழுதிக்கிட்டிருக்கேன், பாக்கற இல்ல?"

பெட்டிக்குள் இருந்தவை ஒரு கைப்பிடிக் கல் செதில்கள்தாம். ஆதிமனிதன் ஒருவன் கத்தி செய்ய உட்கார்ந்து, கல்லைக் கல்லால் தட்டியபோது உதிர்ந்தவை என்று எழுதி வைத்திருந்தது. அவன் சாதாரண ஆளில்லை, இடக்கைக்காரன். கல்லை ஒரு கை பிடித்திருக்க மறு கை தட்டும்போது, பிடித்த கை கல்லை ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டே வரும். அதனால் செதிலின் எந்த ஓரத்தில் கல்லின் மேல்தோல் ஒட்டியிருக்கிறது என்று பார்த்துத் தட்டிய கையை ஊகிக்கலாம். ஒரே ஒரு செதிலை வைத்துக்கொண்டு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கூட்டமாக எல்லாச் செதிலும் ஒரே பக்கம் காட்டினால் காது கொடுத்துக் கேட்பார்கள். பேராசிரியருடைய செதில்கள் கூட்டமாகக் காட்டின.

அதைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அவளுக்கும் பங்கு உண்டு. அவளும் இடக்கைக்காரி என்பதால், "நீயே தட்டிப் பாரும்மா" என்று ஒரு கூடைக் கல்லைக் கொடுத்திருந்தார். தட்டினாள். விழுந்த செதில்களைப் பெட்டிக்குள் இருப்பவற்றின் படங்களோடு ஒப்பிட்டார்கள். அச்சு அசலாக ஒத்துப்போயின. "ஒரே கை மாதிரி இருக்கு பாத்தியா" என்று பேராசிரியர் பூரித்துப்போய்த் துறை முழுக்கக் காப்பி வாங்கிக் கொடுத்தார். கட்டுரையின் உச்சமே அந்த ஒப்பீடுதான். அவள் பெயர் மூன்றாவதாக இருந்தது. டைல்ஸ் ஒட்டும் அவள் அப்பா, போகிற வீட்டிலெல்லாம் சாந்து குழைக்கும் முன்பே "எம் பொண்ணு பேரு அச்சுல வருது" என்று ஆரம்பித்துவிடுகிறாராம்.

நேற்று மாலை வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கண்காட்சிக்காகப் புதிதாகப் பொருத்திய விளக்கின் கீழ் செதில்களை முதல்முறையாகத் தெளிவாகப் பார்த்தாள். நடுவே துருப்பிடித்த கம்பிபோல ஒரு சிவப்புக் கோடு ஓடியது. படங்களில் அது வெறும் நிழலாகத் தெரிந்திருந்தது. அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வாசலில் கதவு அடிக்காமலிருக்க அண்டை கொடுத்திருந்த கல்லில் வழக்கம்போல் கட்டைவிரலை இடித்துக்கொண்டாள். வழக்கம்போல் திட்டுவதற்காகக் குனிந்தவள் திட்டவில்லை. கல்லின் குறுக்கே அதே சிவப்புக் கோடு.

"இப்ப எதுக்கும்மா பெட்டி?" என்றார் பேராசிரியர்.

"ஒரு செதிலை எடுத்து வச்சுப் பாக்கணும் சார்."

"எது மேல?"

கடைப்பையிலிருந்து அந்தக் கல்லை எடுத்து மேசையில் வைத்தாள். சுற்றிலும் செதில் உதிர்த்த பள்ளங்கள். தட்டியது போக மிஞ்சும் இந்த உடம்பைத்தான் கருக்கல் என்பார்கள்.

பேராசிரியரின் முகம் மலர்ந்தது. "கருக்கல். அருமையான கருக்கல். எங்க கிடைச்சுது?"

"எங்க வீட்டு வாசக்கதவுக்கு அண்டை கொடுத்திருந்துச்சு."

அக்கா ஸ்டூலிலிருந்து இறங்கினாள்.

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம், நம்ம அகழாய்வுக் குழியைப் பாக்கப் பெரிய மனுஷங்க வந்தாங்களே, ஞாபகம் இருக்கா சார்? ஆதிமனுஷன் எப்படிக் கல்லுத் தட்டுனான்னு செஞ்சு காட்டுன்னு சொன்னீங்க. தார்ப்பாய் விரிச்சு, குழியை விட்டுத் தள்ளி உக்காந்துதானே தட்டணும் சார்னேன். போட்டோவுல குழி தெரியணும், ஓரத்துலேயே உக்காரும்மான்னீங்க. தட்டுனேன். மறுநாள் மழை. தட்டுன செதிலோட குழியோரம் உள்ள சரிஞ்சுது. கல்லு நல்லா இருக்கேன்னு மிச்சத்தை நான் வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன். அடுத்த வருஷம் அதே குழியைத் தோண்டி நீங்க இந்தச் செதிலை எடுத்தப்ப நான் பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்தேன். அதுக்கப்புறம் இந்தப் பெட்டியைத் திறக்கவே இல்ல. நான் அளந்தது எல்லாம் படத்தைப் பாத்துத்தான்."

"கோடு போட்ட கல்லு ஊருல ஆயிரம் இருக்கும்மா."

"அதான் திறங்கங்கறேன். பொருந்தலன்னா உங்க கால்ல விழுந்துட்டுப் போறேன். திறக்க மாட்டேன்னீங்கன்னா கண்காட்சியன்னிக்கு மைக்ல கேப்பேன்."

"மிரட்டறியா?"

"ஆமா சார்."

அவர் சாவியை எடுத்தார். செதிலை அவளிடம் கொடுக்காமல் தாமே எடுத்து, கருக்கல்லின் பள்ளம் ஒவ்வொன்றிலும் வைத்து நகர்த்தினார். மண்ணிலேயே ஊறிப்போன விரல்கள் அவருடையவை. கண்ணை மூடிக்கொண்டால்கூட ஓரம் தேடும். மூன்றாவது பள்ளத்தில் செதில் கச்சிதமாக உட்கார்ந்தது. கோடு இரண்டு கல்லிலும் ஒன்றாக ஓடியது.

"ஆகா, என்ன பொருத்தம் பாரு" என்றார் மெய்ம்மறந்து. பிறகுதான் எது எதோடு பொருந்தியிருக்கிறது என்று அவருக்கு உறைத்தது. கல்லை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஓரமெல்லாம் நேத்துச் செஞ்ச மாதிரி கூர்மையா இருக்குன்னு நீங்கதான் சார் சொல்லுவீங்க" என்றாள் அக்கா. ஆறுதலாகத்தான் சொன்னாள், ஆனால் அப்படிக் கேட்கவில்லை.

அடுத்த செதிலை அவள் வைத்தாள். பொருந்தியது. அதற்கடுத்ததும் பொருந்தியது. இத்தனை நாளாக எந்த ஆதிமனிதனின் மணிக்கட்டையும் தோளையும் கற்பனை செய்துகொண்டிருந்தாளோ, அவன், குழியோரம் கல் தட்டிய அன்று காலை உப்புமா பிடிக்கவில்லை என்று அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு வந்தவன். சிரிப்புதான் முதலில் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

பேராசிரியர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது. "இங்க பாரும்மா. கட்டுரை ஏத்துக்கிட்டாங்க. கண்காட்சிக்கு இன்னும் ரெண்டே நாள்தான். இந்தக் கல்லு உங்க வீட்டுக் கதவுகிட்டயே இருந்துட்டுப் போகட்டும். ஒருத்தருக்கும் நஷ்டமில்ல. உன் பேரை முதல்ல போட்டுடறேன். ஆய்வுக்கு இங்கயே இடம், உதவித்தொகை, எல்லாம் நான் பாத்துக்கறேன்."

முதல் பெயர். அப்பா அதை எந்த வீட்டில் எந்தச் சுவரைப் பார்த்துச் சொல்வார் என்றுகூட அவளுக்குத் தெரிந்தது. இங்கே இடமில்லை என்றால் வேறெங்கே போவது என்றும் யோசித்தாள். கோபம்தான் வந்தது.

"சார், எங்க வீட்ல எழுதப் படிக்கறதுன்னா நான்தான். சந்தேகம் வந்தா கேக்கறதுக்கு அண்ணன் இல்ல, மாமா இல்ல. புத்தகத்துல போட்டிருந்தா சரின்னு நம்பித்தான் இந்த நாற்காலி வரைக்கும் வந்தேன். நாளைக்கு இது புத்தகத்துல போகும். என்னை மாதிரி ஒருத்தி இதையும் நம்பி மனப்பாடம் பண்ணுவா. எழுதினது ஏமாத்துன்னு அவளுக்கு யாரு சொல்லுவா?"

"நல்லாத்தான் பேசற. பேச்சு சோறு போடாது."

"போடாது சார். ஆனா நானே ஆதிமனுஷனா நிக்கறதுக்கு உதவித்தொகை வேண்டாம்."

"அவசரப்படாதம்மா. ஒரு வாரம் டைம் குடு. பேசித் தீத்துக்கலாம்."

அதற்குள் அக்கா, இழுப்பறையிலிருந்து கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அளவுகோலை எடுத்துப் பொருந்தியிருந்த கல்லின் பக்கத்தில் வைத்திருந்தாள். போனைத் தூக்கிப் பிடித்தாள். "கொஞ்சம் தள்ளுங்க சார், நிழல் விழுது."

அவர் தள்ளி நின்றார். ஏன் தள்ளினோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. முப்பது வருடப் பழக்கம்.

"நீயுமா?" என்றார் அக்காவிடம்.

"எப்படியும் ஆய்வேடு முடியப்போறதில்ல சார்."

அவள் பையைத் தோளில் மாட்டினாள். கருக்கல்லை எடுக்கவில்லை. அது இனி சாட்சி, வாசலுக்கு அப்பா வேறு ஏதாவது பார்த்துக்கொள்ளட்டும்.

"எங்க போற?"

"கட்டுரையை ஏத்துக்கிட்ட பத்திரிகைக்கு எழுதப் போறேன். உங்க கையெழுத்துல போனா மரியாதை. மதியம் வரைக்கும் காத்திருப்பேன். இல்லன்னா என் கையெழுத்துல போகும்."

கதவைத் திறந்தாள். படிக்கட்டில் இரண்டு பேர் சுருட்டிய பேனரைச் சுவரில் இடிக்காமல் திருப்பப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னால் இருந்தவர் மூச்சு வாங்க, "முதல் இடக்கைக்காரன்னு போட்டிருக்கே, இதை எந்தப் பக்கம்மா மாட்டணும்?" என்றார்.

"இறக்கி வச்சுட்டுக் கொஞ்சம் உக்காருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, சுவரோடு ஒண்டி அவர்களைத் தாண்டிக் கீழே இறங்கிப் போனாள்.