சிட்டுவின் புருஷன்

கிரேன்காரிக்குத் தன் புருஷன்மேல் சந்தேகம் விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அவர் குளிக்கப் போயிருந்தார். மேசைமேல் கிடந்த அவருடைய போன் உறுமியது. அடுத்தவர் போனை எட்டிப் பார்க்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. ஆனாலும் கண் போய்விட்டது. 'தோட்டக் கூட்டாளிகள்' என்று ஒரு குழு. அதில் யாரோ எழுதியிருந்தார்கள்: "சிட்டு எங்க? சிட்டு இல்லாம தோட்டமே வெறிச்சோடிக் கிடக்கு."

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர் முதலில் போனைத்தான் எடுத்தார். படித்துவிட்டுச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து அவள் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது.

"என்னங்க அது?"

"எது? ஓ, இதுவா. சும்மா ஒரு கேம். தக்காளி, கத்திரிக்காய்லாம் வளக்கணும்." போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனார்.

கவிழ்த்து வைத்தார் பாருங்கள், அங்கேதான் வினை. மடியில் கனமில்லாத மனிதன் போனை ஏன் கவிழ்க்க வேண்டும்? சிட்டு என்றால் யார்? எந்தச் சிறுக்கி?

கிரேன்காரி என்பது வேலையிடத்தில் அவளுக்கு வைத்த பெயர். கட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய கட்டடத்தின் தலைக்குமேலே, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து இரும்பையும் கான்கிரீட்டையும் தூக்கி வைக்கிறவள். மகள் பிறந்த சமயத்தில் அவர் வேலை பார்த்த அச்சகம் மூடிக்கொண்டது. இவள் சம்பளம் பெரிது. அதனால் அவர் வீட்டைப் பார்த்துக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். சொந்தபந்தங்கள் வாய்க்கு வந்தபடி பேசின. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "எங்க வீட்ல ஆம்பள வேல, பொம்பள வேலன்னு எதுவும் கிடையாது" என்று சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களிடம் பெருமை அடித்துக்கொள்வாள். பொய் இல்லை. சம்பாத்தியம் முழுக்க அவளுடையது, வீட்டு வேலை முழுக்க அவருடையது. பிரிக்கிற சிக்கலே கிடையாது.

மறுநாள், கீழே நின்று கை காட்டுகிற சிக்னல்காரரிடம் வாக்கிடாக்கியில் வாயை விட்டுவிட்டாள். பெயர் சொல்லாமல், யாருக்கோ நடந்த கதையாகத்தான் கேட்டாள். அந்த ஆள் விடுவாரா?

"அக்கா, வீட்ல சும்மா உக்காந்திருக்கிற ஆம்பளய நம்பவே கூடாது. பொம்பளன்னா வீட்டு வேல இருக்கும். ஆம்பள என்ன பண்ணுவான்? கை சும்மா இருக்காது, புத்தியும் சும்மா இருக்காது. அந்தக் கேம்லாம் சாக்கு."

"சரி, சரி. லோடைப் பாரு."

ஆனால் அந்தப் பேச்சு நெஞ்சில் முள்ளாய்த் தைத்துவிட்டது. மதியம் எல்லோரும் சாப்பிட இறங்கும்போது அவள் இறங்குவதில்லை. ஏணியில் இறங்கி ஏறுவதற்குள் இடைவேளை முடிந்துவிடும். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த விளையாட்டைத் தன் போனில் ஏற்றினாள். 'மேகம்' என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டாள். தோட்டக் கூட்டாளிகளைத் தேடிப் பிடித்துக் கதவைத் தட்டினாள். குழுத் தலைவி கேட்ட முதல் கேள்வி, "நீங்க லேடியா?" என்பதுதான். ஆமாம் என்றதும் உள்ளே விட்டார்கள்.

உள்ளே ஒரே பெண்கள் கூட்டம். ஆண் என்று இருந்தது ஒரே ஒருவன், 'கில்லாடி' என்று பெயர். தலைவியின் தம்பியாம். தம்பியாவது கிம்பியாவது! பெண்கள் குழுவில் ஒற்றை ஆம்பளை இருக்கிறான் என்றால் அது நம்ம ஆள்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அதற்கேற்றாற்போல் அவனும், "சிட்டு, உங்க தக்காளி எப்படிங்க இப்படி செவப்பா இருக்கு?" என்று குழைந்துகொண்டிருந்தான். வீட்டில் கேட்ட கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிற மனிதருக்கு இங்கே தேன் ஒழுகுகிறது. கிரேன்காரிக்கு வயிறு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனை வைத்தாள். அவர் மாடியில் மெத்தையை வெயிலில் போட்டுக்கொண்டிருந்தார். போன் கண்ணெதிரே சார்ஜில் கிடந்தது. அந்த நேரம் பார்த்துக் கில்லாடி, "வணக்கம் தோட்டமே!" என்று எழுதினான். வேறு யாராக இருந்தாலும் சந்தேகம் தீர்ந்திருக்கும். அவளுக்கு அடுத்த சந்தேகம் பிறந்தது: அப்படியென்றால் இரண்டாவது போன் ஒன்று இருக்கிறது! அலமாரியைக் கலைத்தாள், அரிசி டப்பாவுக்குள் கை விட்டாள். அகப்பட்டது அரிசிதான்.

கடைசியில் நேரே சிட்டுவையே பிடிப்பது என்று தீர்மானித்தாள். தனியாகப் பேச்சுக் கொடுத்தாள். சிட்டு நல்ல பெண்ணாகத்தான் தெரிந்தாள், அது இன்னும் எரிச்சலாக இருந்தது. விதை கொடுத்தாள், தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள். "சாப்பிட்டீங்களா அக்கா?" என்று தினமும் கேட்டாள்.

"கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கிரேன்காரி ஒருநாள் தூண்டில் போட்டாள்.

"ஆச்சுக்கா. ஒரு பொண்ணு இருக்கா. வீட்டுக்காரர் நல்லவர்தான். குடி கிடையாது, அடி கிடையாது."

"அப்புறம் என்ன குறை?"

"வேலைலேருந்து வருவார், ஷூவ ஒரு மூலைல கழட்டி எறிவார், சாப்பாடு எங்கன்னு கேப்பார். நான் நாள் முழுக்க என்ன செஞ்சேன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டார். நானா சொன்னா, நீ வீட்லதானே இருக்கேங்கிறார்."

பெண்டாட்டிகள் காலம் காலமாகச் சொல்கிற புலம்பல்தானே. ஆனால் கிரேன்காரியின் மூளை வேறு பக்கம் ஓடியது. புருஷன்மேல் வெறுப்பில் இருக்கிறாள், அதனால்தான் என் புருஷன்மேல் கண். இவளை அவனோடேயே கட்டிப்போட்டால்தான் என் குடும்பம் பிழைக்கும். ஆகவே புத்தி சொன்னாள்: "ஆம்பளைங்கன்னா அப்படித்தான் இருப்பாங்கம்மா. களைச்சுப் போய் வர்றவர். நீதான் அனுசரிச்சுப் போகணும்."

"சரிக்கா" என்று சிட்டு ஒற்றை வார்த்தையில் முடித்துக்கொண்டாள்.

இப்படியே மதியங்கள் கழிந்தன. சிட்டு சொல்லச் சொல்ல, இவளுக்குள்ளே என்னவோ இளகிக்கொண்டிருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்து தனியாகத் தூக்கிக்கொண்டு ஓடியதைச் சொன்னாள். காய்ச்சலா, இப்ப எப்படி இருக்கு என்று பதறிக் கேட்டாள் கிரேன்காரி. வேவு பார்க்க வந்தவள் என்பதே அப்போது அவளுக்கு மறந்திருந்தது. கில்லாடி எழுதுவதைக்கூட அவள் அதிகம் கவனிக்கவில்லை.

அன்றைக்கு டிபன் பாக்ஸைத் திறப்பதற்குமுன் சிட்டுவே வந்தாள்.

"அக்கா, பொண்ணுக்கு முன்பல்லு விழுந்துடுச்சு. ஒரு வாரம் ஆகுது. அவர் இன்னும் பாக்கல. இவளும் தினம் அவர் முன்னாடி போய் நின்னு பல்லைக் காட்டுறா. அவர் போனைப் பாத்துக்கிட்டே, போய்த் தூங்குங்கிறார். நேத்து எங்கிட்ட வந்து, எப்பதான் தெரியும்னு கேட்டா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல."

கிரேன்காரிக்குக் கோபம் தலைக்கேறியது. பெற்ற பிள்ளையின் வாயில் பல் இருக்கிறதா இல்லையா என்று தெரியாதவனும் ஒரு தகப்பனா? எழுதினாள்: "அனுசரிச்சுப் போன்னு சொன்னது என் தப்பு. அவன்லாம் மனுஷனே இல்ல. பொண்ணக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிடு. யாரு என்ன சொன்னாலும் நான் உன் பக்கம்."

வெகுநேரம் கழித்து ஒரு வரி வந்தது. "நெஜமாவே கிளம்பலாமாக்கா?"

"இன்னிக்கே கிளம்பு."

சாயந்திரம் வீட்டுக்குள் நுழைந்து ஷூவைக் கழற்றினாள். மகள் ஓடிவந்து எதிரே நின்றாள், நின்று ஈ என்று சிரித்தாள். மேல்வரிசையில் நடுவே ஒரு ஓட்டை.

கிரேன்காரி கையில் ஒற்றை ஷூவோடு அப்படியே நின்றாள்.

"எப்ப விழுந்துச்சு குட்டி?"

"போன வாரமே. நீ பாக்கவே இல்ல." குட்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்பா, அம்மா பாத்துட்டா! அம்மா பாத்துட்டா!"

படுக்கையறையில் கட்டில்மேல் பெரிய பை திறந்து கிடந்தது. அதற்குள் குட்டியின் கவுன்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"உனக்கு மட்டும் சமைச்சு வச்சிட்டுக் கிளம்பலாம்னு பாத்தேன்" என்றார். "சீக்கிரம் வந்துட்ட."

"சிட்டு..." என்றாள்.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். "உனக்கு யார் சொன்னா?"

"மேகம் நான்தாங்க."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. கூடத்தில் குட்டி பொம்மையிடம் பல் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு பேர்ல எதுக்குங்க?"

"மொதல்ல என் பேர்லதான் போனேன், வேற கேம்ல, ஆம்பளைங்க இருக்கிற இடத்துல. வீட்ல இருக்கேன்னு சொன்னதும், பொண்டாட்டி சம்பாத்தியத்துல உக்காந்து திங்கிறியான்னு கேட்டாங்க. சிட்டுன்னு போனேன், சாப்பிட்டியான்னு கேட்டாங்க." அவர் ஒரு கவுனை எடுத்து மறுபடி மடித்தார். "பொண்டாட்டியப் புருஷன்னு மாத்திச் சொன்னேனே தவிர, ஒண்ணும் பொய் சொல்லல. வேற எதையும் மாத்த வேண்டியிருக்கல."

"நான் என்னவோ நெனச்சிட்டேன். உங்களுக்கும் அவளுக்கும்..." சொல்லவே வெட்கமாக இருந்தது. "இனிமே அப்படி இருக்க மாட்டேங்க. போகாதீங்க."

"மதியம் நீ எழுதினதப் படிச்சிட்டு அழுதேன்" என்றார் அவர். "நம்ம பக்கம் பேசவும் ஒருத்தி இருக்காளேன்னு."

அதற்குள் சமையலறையில் பாத்திரம் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது. அவர் அசையவில்லை. அவள் ஓடினாள். அடுப்பில் நாலு திருகு இருந்தன. எதைத் திருகினால் எது அணையும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒன்றைத் திருகினாள், சுடர் இன்னும் பெரிதானது.

"என்னங்க, இது எப்படி அணைக்கிறது?" என்று கத்தினாள்.

அவர் எழுந்து வருகிற காலடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். உள்ளேயிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. பாத்திரம் பொங்கி வழிந்துகொண்டே இருந்தது.