தலைக்கு மேல் எல்ரிக்

1

என் சித்தி மகன் பிரபாகர் போட்ட ஒற்றை நட்சத்திரத்தால்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். கோயம்புத்தூரிலிருந்து மயாமி போய், அங்கே கப்பலேறி, ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் கரீபியத் தீவில் இறங்கினான். மற்றவர்களைப் போலவே மாஹோ கடற்கரைக்குப் போய், விமானம் தலையை உரசுகிற மாதிரி இறங்குவதைப் பார்த்தான். கப்பலுக்குத் திரும்பியதும் இணையத்தில் இப்படி எழுதினான்:

"கடற்கரை அருமை. ஆனால் 'நீலக்குடை' என்ற மதுக்கடையில், பெரிய விமானம் வரும் நேரம் பார்த்து முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்திவிட்டார்கள். காரணம்கூடச் சொல்லவில்லை. ஒரு நட்சத்திரம்."

பிறகு என்னைக் கூப்பிட்டான். "அண்ணா, இவ்வளவு வருஷமா அங்கேயே இருக்கீங்க. அந்த ப்ளேன் இறங்குற த்ரில்லை வச்சு ஒரு பயணக் கட்டுரை எழுதலாமே? நல்லா ஓடும்."

எழுதுகிறேன், தம்பி. காரணம்தானே கேட்டாய்? வாங்கிக்கொள்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்.

"கரீபியக் கடலின் நீலத்துக்கு ஈடாக உலகில் வேறு"

வேண்டாம். அந்த நீலத்தை விற்றுப் பிழைக்கிற ஊரில்தான் நானும் பிழைக்கிறேன். பிலிப்ஸ்பர்க் கடைத்தெருவில் கைக்கடிகாரம் விற்கும் கடையில் கணக்கெழுதுகிறேன். கதையிலும் அதை விற்க மனமில்லை.

"விமானம் தாழ்ந்து வந்தபோது இஸ்மெல்டாவின் கண்கள் குளமாயின. அவள் உதடுகள் தம்பியின் பெயரை"

இந்த வரியை வெட்டியது நானில்லை. இஸ்மெல்டா ஆரிண்டெல் வெட்டினார். நீலக்குடையில் ஜானிகேக் என்ற மாவு ரொட்டியைப் பொரிப்பவர், பீர் ஊற்றுபவர், இந்தக் கதைக்குச் சொந்தக்காரர். வரியை அவர் மொழியில் வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே கரண்டியை நீட்டினார்.

"நிறுத்து. யாரு அழுதா?"

"நீங்கதான், மிஸ் இஸ்மெல்டா. தம்பி பெட்டியில வர்றப்போ…"

"நீ பாத்தியா? நீ அன்னிக்குக் கடையில உக்காந்து யாருக்கோ வாட்ச் மாட்டிக்கிட்டிருந்தே. நான் அழல. எனக்குக் கோவம். கோவம்னா என்னன்னு தெரியுமா உனக்கு? அந்தக் கப்பல்ல ஊர் சுத்த வந்த ஒவ்வொருத்தன் மண்டையிலயும் எண்ணெய்ச் சட்டியைக் கவுக்கணும்போல இருந்துச்சு. அதை எழுது."

"படிக்கிறவங்களுக்கு உங்க மேல இரக்கம் வரணும்ல?"

"இரக்கத்தை வச்சு நான் என்ன பண்றது? ஜானிகேக்குக்குள்ள வச்சுப் பொரிக்கிறதா?"

ஆக, கண்ணீர் கிடையாது. கதாபாத்திரம் ஆசிரியருக்கு இட்ட முதல் கட்டளை இது. இரண்டாவது கடைசியில் வரும்.

3

நடந்தது இது.

இஸ்மெல்டாவின் தம்பி எல்ரிக் இளவயதிலேயே ராட்டர்டாம் போய்த் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டினான். அங்கேயே ஒரு குளிர்காலத்தில், குளியலறையில், நெஞ்சடைத்துச் செத்தான். கல்யாணம் காட்சி இல்லாதவன். தன்னைத் தீவிலேயே, கோல் பே என்ற ஊரில், அம்மா பக்கத்தில் புதைக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். அவனைப் பெட்டியில் வைத்து, செவ்வாய்க்கிழமை மத்தியானம் இறங்கும் பெரிய விமானத்தில் அனுப்புவதாக ஹாலந்திலிருந்து தகவல் வந்தது.

செவ்வாய்க்கிழமை கப்பல் நாள், சுற்றுலாக் கப்பல்கள் வந்து நிற்கிற நாள். இஸ்மெல்டா விடுப்புக் கேட்டார். கடையை நடத்துகிற ரோலாண்ட் வ்லான் கையை விரித்தான்.

"மிஸ் இஸ்மெல்டா, நான் சொல்றதைக் கோவிச்சுக்காம கேளுங்க. மூணு கப்பல் நிக்குது. பெட்டி சுங்கத்தைத் தாண்டி வெளிய வரவே சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் அந்த ஏர்போர்ட் கேட்டுல நின்னு என்ன பண்ணப் போறீங்க?"

"நிப்பேன். அவன் எனக்குத் தம்பி."

"சாயங்காலம் நானே வண்டியில கொண்டு விடுறேன். இப்ப அடுப்பைப் பாருங்க."

[வ்லானைப் பற்றி ஒரு சந்தேகம். அவனை அயல்நாட்டு முதலாளியாக மாற்றினால் கதை சுலபமாக ஓடும். பற்களைக் கொஞ்சம் பெரிதாக்கி, தங்கச் சங்கிலி ஒன்றும் மாட்டலாம். ஆனால் அவனும் இதே தீவில் பிறந்தவன், எல்ரிக்கோடு பந்தடித்தவன். எனக்கு எரிச்சலே அதுதான். தெரியாதவன் செய்தால் தெரியாமல் செய்தான் என்று விட்டுவிடலாம்.]

இஸ்மெல்டா அடுப்பைப் பார்த்தார். கப்பல்காரர்கள், அதாவது கப்பலில் வந்த சுற்றுலாக் கூட்டம், ஈரக் காலோடு வந்து குவிந்தார்கள். எங்கள் ஊரில் கடைக்குள் கால் வைத்தால் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும், குழந்தைகூடச் சொல்லும். இவர்கள் நேரே பீர் என்பார்கள். வணக்கம் சொல்லாதவனுக்கு இஸ்மெல்டாவின் காது கேட்காது. தானே ஒரு வணக்கத்தைச் சத்தமாகச் சொல்லி, பதிலுக்குக் காத்திருப்பார். அன்று அதற்கும் அவருக்குத் தெம்பில்லை. கேட்டவனுக்கெல்லாம் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

4

இனி, பிரபாகர் கதவு என்று எழுதிய அந்தப் பலகைகள்.

சவ வண்டி தெருவில் போகும்போது இந்தத் தீவில் கடைக் கதவுகளை இழுத்துச் சாத்துவார்கள். வண்டி தாண்டிப் போகிற வரை விற்பனை கிடையாது. காரில் போகிறவன் ஓரங்கட்டுவான், நடக்கிறவன் தொப்பியைக் கழற்றுவான். செத்தவன் முன்னால் வியாபாரம் பேசுவது அவன் முகத்தில் துப்புகிற மாதிரி. இதை யாரும் எழுதி ஒட்டி வைக்கவில்லை. ஒட்டியிருந்தால் கப்பல்காரர்கள் அதையும் படம் பிடித்திருப்பார்கள்.

மத்தியானம் கடற்கரைச் சாலையில், ஊரில் சவ அடக்கம் செய்துவைக்கும் கத்பர்ட்டின் கறுப்புச் சவ வண்டி விமான நிலையத்தைப் பார்த்துப் போனது. மணலில் நாற்காலியும் குடையும் வாடகைக்கு விடும் ஹைட்டிக்காரன் தூசான் அதைப் பார்த்துவிட்டு நீலக்குடைக்கு ஓடி வந்தான்.

"மிஸ் இஸ்மெல்டா! கத்பர்ட் வண்டி உள்ள போயிடுச்சு. உங்க தம்பி இந்த ப்ளேன்லதான்!"

சவ வண்டி உள்ளே போனால் பெட்டி வருகிறது என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் யாரையும் கேட்கவில்லை. நீங்களாக இருந்தால் சரக்குப் பிரிவுக்குக் கூப்பிட்டு விசாரித்திருப்பீர்கள். நாங்கள் கத்பர்ட்டின் வண்டியை நம்புகிறவர்கள்.

கடலுக்கு மேல் விமானம் புள்ளியாகத் தெரிந்தது. மணலில் இருந்த கூட்டம் கைபேசிகளைத் தூக்கிக்கொண்டு ஓடுபாதை வேலிப் பக்கம் நெருக்கியது. ஒருவன் தன் மனைவியின் தோளில் ஏறப் பார்த்தான். ஒருத்தி கீழாடையை மட்டும் சரி செய்துகொண்டு, "என் முகமும் சக்கரமும் ஒரே படத்துல வரணும்" என்று கத்தினாள்.

இஸ்மெல்டா அடுப்பை அணைத்தார். கடையின் முகப்பில் புயலுக்கென்று மாட்டிய கனத்த பலகைகள் உண்டு. மேலே தூக்கி, கட்டையால் முட்டுக் கொடுத்திருப்பார்கள். அவர் முதல் கட்டையை உருவினார். பலகை தடாலென்று விழுந்தது.

"ஹேய்! என் பீர்!" என்றது ஒரு குரல். [பிரபாகர், அது நீயாகத்தான் இருக்க வேண்டும்.]

இரண்டாவது பலகை. மூன்றாவது.

வ்லான் உள்ளே இருந்து பாய்ந்து வந்தான். "என்ன பண்றீங்க? பைத்தியமா உங்களுக்கு? இப்பதான் கூட்டமே!"

"என் தம்பி போறான், ரோலாண்ட்."

இந்த இடத்தில் நான் எழுதத் தயங்குகிற ஒரு விஷயம் இருக்கிறது. எழுதினால் வ்லான் மேல் உங்களுக்குள்ள கோபம் குறைந்துவிடும், எழுதாவிட்டால் நான் பொய்யன். அவன் கை தானாகத் தொப்பிக்குப் போனது. கழற்றினான். விமானம் தாண்டுகிற வரை நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தான்.

வெளியே தூசான் தன் குடைகளை ஒவ்வொன்றாக மடக்கினான். அடியில் படுத்திருந்தவர்கள் வெயில் பட்டு எழுந்து திட்டினார்கள். பனியன் விற்கும் டொமினிக்கப் பெண் தன் கடை மேல் துணியைப் போர்த்தினாள். தேங்காய் வெட்டுகிறவன் கத்தியைக் கீழே வைத்தான். எல்ரிக்கை அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு பலகை விழுந்ததைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

"புயல் வருதா?" என்று ஒரு கிழவர் கேட்டார். வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

விமானம் வந்தது. எலும்புக்குள் புகுந்து குலுக்கும் சத்தம். கூட்டம் ஓவென்று ஊளையிட்டது. பீர்க் குப்பிகள் வானத்தைப் பார்த்து உயர்ந்தன. யாரோ ஒருவன் சக்கரத்தைப் பார்த்து நடுவிரலைக் காட்டிச் சிரித்தான். மூடிய பலகைக்குப் பின்னால், எண்ணெய் வாடையில், இஸ்மெல்டா தலையைத் தூக்கி நின்றார். என் தம்பியைப் பார்த்துச் சிரிக்கிறானுங்க என்பது மட்டும்தான் அவர் மண்டைக்குள் ஓடியது. பல்லைக் கடித்ததில் கடைவாய்ப் பல்லொன்று விண்டுபோனது. இதை நான் புனையவில்லை, வாயைத் திறந்து காட்டினார்.

5

விமானத்தில் எல்ரிக் இல்லை.

கொஞ்ச நேரத்தில் கத்பர்ட் தொலைபேசியில் கூப்பிட்டான். இஸ்மெல்டா இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"பெட்டி வரலம்மா. ஆம்ஸ்டர்டாம்லயே இறக்கி வச்சுட்டாங்களாம். வெள்ளிக்கிழமை அனுப்புறாங்களாம்."

"ஏன்?"

"எடை கூடிப்போச்சாம். பயணிங்க மூட்டை ஜாஸ்தியாம்."

[இங்கே பயணிகளின் மூட்டைகளில் என்னென்ன இருந்தன என்று ஒரு பத்தி எழுதினேன். முக்குளிக்கும் செருப்பு, கோல்ஃப் மட்டை, நாய்க்குட்டிக்கு மிதவை. நன்றாக வந்திருந்தது. கிழித்துவிட்டேன். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பத்தி சிரிப்பு மூட்டியது, அது எனக்குப் பிடிக்கவில்லை.]

எல்ரிக் எடை கூடிப்போனான். அவனைக் கிடங்கில் வைத்துவிட்டு, நாய்க்குட்டியின் மிதவையை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அந்த மிதவைக்காக ஒரு கடற்கரையே கடை சாத்தியது.

வ்லானுக்குத் தொப்பி மறுபடி தலைக்கு ஏறிவிட்டது. அதோடு நாக்கும் நீண்டது. "யாருக்காக மூடினோம் நாம? விடுமுறைக்கு வந்தவனுங்களுக்கா? நல்லா மூடினோம்!" பிறகு குரலைத் தாழ்த்தினான். "மிஸ் இஸ்மெல்டா, வெள்ளிக்கிழமையும் கப்பல் நாள்தான். பலகை இன்னொரு தடவை இறங்குச்சுன்னா நீங்க வேற வேலை பாத்துக்கங்க. எனக்கும் மேல ஆள் இருக்கு."

"அன்னிக்கு அவன் நிஜமா வருவான், ரோலாண்ட்."

"இன்னிக்கும் அப்படித்தான் சொன்னீங்க."

6

வெள்ளிக்கிழமைக்காக மூன்று முடிவுகள் எழுதினேன். நீலக்குடையின் பின்கட்டில் உட்கார்ந்து இஸ்மெல்டாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் உப்புக் கருவாட்டை உதிர்த்துக்கொண்டே கேட்டார்.

அ. பெரிய விமானம் வருகிறது. இஸ்மெல்டா பலகைகளை மறுபடி இறக்குகிறார். வேலை போகிறது. தலை நிமிர்ந்து வெளியே நடக்கிறார்.

"நடந்து எங்க போறேன்?"

"அது… கதை அதோட முடிஞ்சிடுது."

"உனக்கு முடிஞ்சிடும். சனிக்கிழமை காலையில நான் எதைத் திங்கிறது? உன் கதையையா?"

ஆ. இஸ்மெல்டா பலகையை இறக்கவில்லை. ஆனால் கூட்டத்தில் விஷயம் பரவுகிறது. விமானம் வரும்போது கடற்கரை முழுக்க அமைதியாகிறது. கப்பல்காரர்கள் தொப்பியைக் கழற்றுகிறார்கள்.

இதற்கு அவர் வாய்விட்டுச் சிரித்தார். கருவாடு மடியில் சிந்தியது. "எந்தக் கடற்கரையில? தூசான், இங்க வா, இந்த ஆளு எழுதியிருக்கிறதைக் கேளு!" தூசானும் வந்து சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

இ. வ்லானே பலகையை இறக்குகிறான்.

இதற்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை. வெகு நேரம் கருவாட்டில் முள் பொறுக்கினார். "அவன் முதல்ல நல்ல பையன்தான்" என்றார்.

"அப்ப இதையே வச்சுக்கட்டுமா?"

"நீ வெள்ளிக்கிழமை வந்திருந்தேல்ல? என்ன நடந்துச்சுன்னு கண்ணால பாத்தேல்ல?"

"பாத்தேன்."

"அப்புறம் எதுக்கு அ, ஆ, இ?"

"நடந்ததை எழுதட்டுமான்னு கேக்கத்தான் வந்தேன்."

"எழுதாதே." கரண்டியை நீட்டவில்லை. குரலும் உயரவில்லை. "செவ்வாக்கிழமை எனக்குக் கோவம். அதை ஊருக்கே குடு, உன் நாட்டுக்கும் குடு, நல்லாப் படிக்கட்டும். வெள்ளிக்கிழமை என் தம்பி வந்தான். அதைப் பாக்க எவனுக்கும் டிக்கெட் கிடையாது."

7

அதனால் வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கப்பல்கள் வந்து நிற்கின்றன. கடையில் கூட்டம். இஸ்மெல்டாவின் ஒரு கை முட்டுக் கட்டையில் இருக்கிறது, வ்லான் வாசலில் நிற்கிறான். கத்பர்ட் இந்த முறை விமானத்தின் சரக்குத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறான், எல்ரிக் ஏறிவிட்டான் என்று. கடலுக்கு மேல் புள்ளி பெரிதாகிக்கொண்டு வருகிறது.

முடிவு வேண்டுமென்றால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இஸ்மெல்டாவுக்கு என்ன செய்வது என்று தெரியும், உங்கள் யோசனை அவருக்குத் தேவையில்லை. வ்லானை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களை எங்கே நிறுத்துவது என்றுதான் எனக்குக் குழப்பமாக இருந்தது. கடைசியில் மணலில், கூட்டத்துக்கு நடுவே, எல்லோரையும் போலக் கையில் கைபேசியோடு நிறுத்தியிருக்கிறேன். காசு கொடுத்துத்தானே வந்தீர்கள், தாராளமாகப் படம் பிடியுங்கள்.

பக்கத்தில் இருப்பவன் ஊளையிடத் தொடங்கிவிட்டான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. உங்களால் இனி அப்படிச் சொல்ல முடியாது.