சூடு காட்டும் முள்

என் அப்பாவை எங்கள் சொந்தத்தில் எல்லாரும் ஏமாந்த சோணகிரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் ஒரு கார். எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது, அப்போதே கிழடு தட்டியிருந்த அந்தக் காரை அப்பா வாங்கிவந்தார். விடுமுறைக்கு மலைமேல் இருக்கும் மாமா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அது வழியில் கொதித்து நின்றுவிடும். அதுவும் ஒரு பயணத்துக்கு இரண்டு மூன்று தடவை.

மாமா அம்மாவின் அண்ணன். அதே மலைப்பாதையில் நாற்பது வருடம் பஸ் ஓட்டியவர், விடுவாரா? அப்பாவுக்கு 'பாய்லர் மாப்பிள்ளை' என்று பேர் வைத்தார். "யாரோ உங்க தலையில நல்லா கட்டிட்டாங்க மாப்ள" என்பார். அம்மாவும் சேர்ந்துகொள்வாள். சொல்லப்போனால் அவள்தான் அதிகம். "இத்தன கார் ஓடுது ரோட்டுல. இவரு கண்ணுக்கு மட்டும் இதுதான் ஆப்ட்டுது பாருங்க" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்.

அப்பா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. காரும் இருக்கிறது, கேலியும் இருக்கிறது. நான் ஒரு மருத்துவமனையின் கொதிகலன் அறையில் வேலை பார்க்கிறேன். தண்ணீரும் நீராவியும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. போன மாதம் மாமா ஃபோனில், "ஊருக்கெல்லாம் பாய்லர் பாக்குற. உங்க அப்பா வாங்கின பாய்லர மட்டும் உன்னால ஒண்ணும் பண்ண முடியல பாரு" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. மாமாவுக்கு அப்போது கண்புரை அறுவை நடக்க இருந்தது.

"உங்க கண்ணு ஆபரேஷன் முடிஞ்சதும் அம்மாவ அதே கார்ல கூட்டிட்டு வரேன். ஒரு எடத்துலகூட கொதிக்காது. அதுக்கப்புறம் எங்க அப்பாவப் பத்தி ஒரு வார்த்த பேசக்கூடாது."

"கொதிச்சா?"

"ஆயுசுக்கும் பேசிக்கோங்க."

வாயைக் கொடுத்தாயிற்று. கையில் மூன்று வாரம் இருந்தது. என் அப்பா கடைசிவரை சோணகிரியாகவே இருந்துவிடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு அந்த மூன்று வாரமும் வேறு நினைப்பில்லை.

முதலில் ரேடியேட்டரைக் கழற்றி, பழைய சந்தைக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் ரேடியேட்டர்காரரிடம் கொண்டுபோனேன். அவர் மனிதர்களிடம் அதிகம் பேசமாட்டார். ரேடியேட்டரின் வாய்களை ரப்பர் வைத்து அடைத்து, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். ஒரு மூலையிலிருந்து மட்டும் பொடிப் பொடியாகக் குமிழ்கள் வந்தன.

"ஒரே ஒரு பொட்டு ஓட்ட. அதுவும் புதுசு" என்றார்.

"புதுசுன்னு எப்படிண்ணே சொல்றீங்க?"

"பழசுன்னா சுத்தி பச்ச பூத்திருக்கும்." ஈயம் வைத்து அந்த இடத்தைப் பற்றவைத்தார். பிறகு மேல்தொட்டியைத் திறந்து, விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தார். "குழாயெல்லாம் எவ்ளோ சுத்தமா இருக்கு பாருங்க. உப்பே படியல. யாரோ காய்ச்சி வடிச்ச தண்ணியா பாத்துப் பாத்து ஊத்தியிருக்காங்க."

"எங்க அப்பாதான்."

"கொதிச்சு நின்ன ரேடியேட்டர் இப்படி இருக்காதும்மா."

"என்னண்ணே, முப்பது வருஷம் நின்னுது. கண்ணால பாத்தவ நான்."

"ஆவி வந்தத பாத்தீங்களா?"

பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்து, அப்படியே நின்றுவிட்டேன். சூடு காட்டும் மீட்டரில் முள் சிவப்புக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். பானெட்டைத் தூக்கிவிட்டு, "ஆவி அடிக்கும், யாரும் கிட்ட வராதீங்க" என்று அப்பா கையை நீட்டித் தடுப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆவியைப் பார்த்த நினைவு இல்லை.

அதற்காக விட்டுவிட முடியுமா? சூடேறினால் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து பால் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் வைத்தேன். சூடேறியதும் திறக்கிறதா என்று பார்க்க அதுதான் வழி. "அந்தப் பாத்திரத்த இனிமே நீயே வச்சுக்கோ" என்று அம்மா கத்தினாள். தண்ணீர் கொதிக்கத் தொடங்கும் முன்பே, திறக்க வேண்டிய சூட்டில் அது அழகாகத் திறந்தது. வாட்டர் பம்பைத் திருப்பிப் பார்த்தேன், துளி ஆட்டமில்லை. ரப்பர் குழாய்களையும் ஃபேன் பெல்ட்டையும் மட்டும் வயதை எண்ணி மாற்றினேன். எல்லாவற்றையும் பூட்டி, நட்ட நடுப்பகலில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தேன். முள் பாதியைத் தாண்டவில்லை.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கண்டுபிடிக்காத பழுது சரிசெய்த பழுது ஆகாது. கொதிகலன் அறையில் முதல் நாளே எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது. ரேடியேட்டர் நல்லதென்றால் மீட்டர் பொய் சொல்லியிருக்க வேண்டும். எஞ்சினிலிருந்து மீட்டருக்குப் போகும் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனேன். டாஷ்போர்டுக்கு அடியில் அதிலிருந்து இன்னொரு ஒயர் பிரிந்தது. அப்பாவின் கைவேலைதான். டேப்பை அவ்வளவு சீராகச் சுற்ற எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் பொறுமை கிடையாது. அந்த ஒயர் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சுவிட்சுபோல இழுத்துத் தள்ளும் ஒரு சின்னக் குமிழில் போய் முடிந்தது.

சாவியைத் திருப்பினேன், எஞ்சினைக் கிளப்பவில்லை. குமிழை இழுத்தேன். பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்து கிடந்த வண்டியில் முள் மெல்ல மெல்ல ஏறிச் சிவப்பில் போய் நின்றது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவா? பொய்யே சொல்லத் தெரியாத மனிதர், குடும்பம் முழுவதுக்கும் முப்பது வருடம் காது குத்தியிருக்கிறார். எதற்கு? ஒளிந்து புகை பிடிக்கவா? முதலில் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தோடு அந்த நிறுத்தங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நினைக்க நினைக்கக் கோபம் எங்கோ போய்விட்டது. எங்கள் சிறுவயதின் நல்ல நேரமெல்லாம் அந்த பானெட் திறந்திருந்த நேரம்தான். நானும் தம்பியும் பாலத்துச் சுவரில் ஏறி நடப்போம், பள்ளத்தில் கல்லெறிவோம், எதிரொலிக்காகக் கத்துவோம். அம்மா தள்ளிப் போய்க் காற்றைப் பார்த்து நிற்பாள். அப்பா அரை மணி நேரம் ஒன்றுமில்லாத எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவசரமே படமாட்டார். புகை பிடித்து நான் பார்த்ததே இல்லை.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்தேன்.

"ஏம்மா, வண்டி கொதிச்சு நிக்கும்ல, அப்ப நீ ஏன் தனியா தள்ளிப் போயி நிப்ப?"

அவள் கை நின்றது. "இப்ப எதுக்குடி அது?"

"சும்மா சொல்லு."

"மாமாகிட்ட சொல்லித் தொலைக்காத. எனக்கு மலை ஏறினா வயித்தப் பிரட்டும். சின்னதுலயிருந்தே அப்படித்தான். உங்க மாமா பஸ்ல ஏறினா நாலாவது வளைவுலயே வாந்தி. டிரைவர் தங்கச்சிக்கே வண்டி ஒத்துக்கலன்னு பஸ் ஸ்டாண்டே சிரிக்கும். 'வாளி வருது, வாளிய எடுத்து வை'ம்பாரு உங்க மாமா. கல்யாணத்துக்கு அப்புறமாவது அந்தப் பேரு வேணாம்னு யார்கிட்டயும் மூச்சு விடல."

"அப்பாகிட்ட?"

"அவர்கிட்டயும்தான். மூஞ்சிய ஜன்னல் பக்கம் திருப்பிக்குவேன். ஆனா என் நல்ல நேரத்தப் பாரு, இதுக்கு மேல தாங்காதுன்னு நான் நினைக்கும்போது சரியா அந்தப் பாழாப்போன வண்டி கொதிச்சு நின்னுடும்." அவள் சிரித்தாள். "ஒரு தடவ கூடத் தப்பினதில்லடி."

சொல்லலாமா கூடாதா என்று யோசிக்கத்தான் நினைத்தேன். யோசிப்பது எனக்கு வராது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காரின் முன் இருக்கையில், அவள் எப்போதும் உட்காரும் பக்கத்தில் உட்கார வைத்தேன். சாவியைத் திருப்பிக் குமிழை இழுத்தேன்.

முள் ஏறுவதை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "எஞ்சினே ஓடலியேடி" என்றாள்.

"ஆமாம்மா. ஓடல."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. குனிந்து, என் காலைத் தாண்டிக் கையை விட்டு, குமிழை அவளே தள்ளினாள். முள் இறங்கும்வரை காத்திருந்து மறுபடி இழுத்தாள். முள் மறுபடி ஏறியது.

"இந்த மனுஷன நான் என்னென்ன பேசியிருக்கேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? கேட்டிருக்கலாம்ல?" என்றாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அப்பாவை அந்த நிமிடம் நேசித்ததுபோல் அவர் உயிரோடு இருந்தபோது நான் நேசித்ததில்லை. அதை நினைத்து இன்னும் அழுதேன்.

இரண்டு வாரம் கழித்து மலை ஏறினோம். முள் பாதியைத் தாண்டவில்லை. முதல் பத்து வளைவுவரை அம்மா வாயை இறுக்கிக்கொண்டு வந்தாள். பிறகு, எனக்குத் தெரிந்து வாழ்க்கையில் முதல் தடவையாக, "நிறுத்துடி" என்றாள். நிறுத்தினேன். மேலே போவதற்குள் இன்னும் இரண்டு தடவை சொன்னாள்.

மாமா கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் கடிகாரத்தைக் கழற்றி வைத்திருந்தார்.

"ஒன்றர மணி நேரம் லேட்டு. அப்ப வழக்கம்போல நின்னுதா? நான்தான் சொன்னேனே, மாப்பிள்ளை நல்லா ஏமாந்துட்டாருன்னு" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். மீட்டர், குமிழ், ஒயர் என்று எல்லாவற்றையும் இரண்டு வாரமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அம்மா என் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு முன்னால் போனாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. சேலையில் ஒரு கறை இருந்தது, அதை அவள் மறைக்கவில்லை.

"வண்டி கொதிச்சு நிக்கலண்ணா. நாந்தான் மூணு எடத்துல வாந்தி எடுத்தேன்" என்றாள். "அந்தக் காலத்துலயும் வண்டி கொதிக்கல. எனக்கு மறுபடி வாளின்னு பேரு வந்துடக்கூடாதுன்னு அவரு பாய்லர்னு பேரு வாங்கிக்கிட்டாரு. உங்கிட்ட மட்டும் இல்ல, எங்கிட்டயும்."

மாமா கண்ணாடியைக் கழற்றினார். கழற்றக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தது எங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.