பட்டாசு அடங்கிய மூன்று நாள்

வாட்ச் ரிப்பேர்க்காரருக்குத் தெருவில் பட்டாசு என்று பெயர். வாயைத் திறந்தால் வெடிதான். அந்த மனிதர் ஒரு திங்கட்கிழமை அடங்கிப்போனார். வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் அவர் மனைவிக்கு முதலில் அது வரமாகத்தான் பட்டது. சாப்பாட்டில் உப்பில்லை, அதற்கும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தையல் மிஷின் நாள் முழுக்கக் கடகடத்தது, அதற்கும் திட்டவில்லை.

புதன்கிழமை மத்தியானம்தான் அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். நாற்காலியில் இருந்தவரின் முகம் வெயிலில் நின்றதுபோலச் சிவந்திருந்தது. இமைகள் பாதியில் நின்றிருந்தன.

"ஏங்க, டீ ஆறுது."

அவள் ஒரு ஓரம் முழுக்கத் தைத்து முடித்த பிறகு, "ம்... குடிக்கிறேன்" என்றார். குரல் அடுத்த அறையிலிருந்து வந்ததுபோல இருந்தது. கை டம்ளரைத் தொட்டது, பிடிக்கவில்லை. டீ மடியில் கொட்டுவதை யாருடைய மடியையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்னச் சுத்தியலால் அவர் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் அசையவே இல்லை.

"பழைய ரிப்போர்ட்ல கிட்னி ஏற்கெனவே வீக்னு எழுதியிருக்கு. தானா ஏதாவது மருந்து வாங்கிக் குடிச்சாரா?"

"மலச்சிக்கலுக்கு வெள்ளையா ஒண்ணு. ரெண்டு வாரமா மூணு வேளையும்."

"அதுல மக்னீசியம் இருக்கும்மா. நல்ல கிட்னி மிச்சத்தை வெளியே தள்ளிடும். இவருது தள்ளலை. ரத்தத்துல ஏறி, தசை, மூச்சு, இதயம்னு ஒவ்வொண்ணா அமுக்குது. தூங்குறார்னு நினைச்சு எதுவும் பேசிடாதீங்க. காது கேட்கும்."

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். காலையில்தான் அவர் பக்கத்திலேயே நின்று தங்கச்சியிடம் போனில், "இப்படியே இருந்துட்டார்னா நான் கொடுத்துவெச்சவ" என்று சிரித்திருந்தாள்.

கால்சியம் ஊசி ஏறியது. பிறகு டயாலிசிஸ். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் காதருகே குனிந்து, "அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க" என்றாள். இமை அசைந்ததா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவர் வாய் திறந்தார்.

"எனக்குள்ள யாரோ அறை அறையா விளக்கை அணைச்சிட்டே வந்தான். கடைசி அறையில நான் நின்னேன். உன்னைக் கூப்பிட்டேன். கத்திக் கூப்பிட்டேன். நீ தைச்சிட்டிருந்தே."

வீடு திரும்பியதும் அவள் தையல் மிஷினை ஜன்னலடியிலிருந்து இழுத்து, அவர் முகம் தெரிகிற மாதிரிப் போட்டாள். வெளிச்சம் போதவில்லை. இருந்தாலும் அங்கேயே உட்கார்ந்து தைத்தாள்.