ஐந்து அங்குலம் நீண்ட எஞ்சின்

நுஹ்மானுக்கு அவன் கட்டிய காரிலேயே இடம் போதவில்லை.

இரத்தோட்டை வீதியில், சசிக்குமாரின் வெல்டிங் கடையில்தான் ஒன்பது மாதமாக அவனும் மச்சினன் றிஷாத்தும் அந்தக் காரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கூரை கிடையாது. நான்கு சக்கரங்களும் உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய பந்தயக் கார். எஞ்சின் முதுகுக்குப் பின்னால். நடுவே ஒரு தகடு. கார் கவிழ்ந்தால் தாங்குவதற்குத் தலைக்குப் பின்னால் ஓர் இரும்பு வளைவு. ஹெல்மெட் அந்த வளைவுக்கு இரண்டு அங்குலம் கீழே இருக்க வேண்டும் என்பது அவர்கள் போகவிருந்த பந்தயத்தின் விதி. நுஹ்மானின் ஹெல்மெட் மூன்று அங்குலம் மேலே நின்றது. முழங்கால்கள் ஸ்டியரிங்கில் இடித்தன.

"இன்னும் கொஞ்சம் சரிஞ்சு உக்காருங்க, நானா," என்றான் சசிக்குமார். அண்ணன் என்பதற்கு அவன் அப்படித்தான் சொல்வான்.

"சரிய எடம் எங்க?"

இடம் இருந்திருக்கும், அவன் கேட்ட எஞ்சின் வந்திருந்தால். அறுநூறு சிசி பைக் எஞ்சின். கியர் பெட்டியும் அதற்குள்ளேயே அடக்கம். கட்டையானது, எடை குறைந்தது. அதை வைத்தால் ஓட்டுகிறவன் கால் நீட்டிப் படுத்த மாதிரி உட்காரலாம். றிஷாத் மட்டும் கார் எஞ்சின்தான் வேண்டும் என்று மாதக்கணக்கில் வாதாடினான். அது இரண்டு மடங்கு எடை, ஐந்து அங்குலம் கூடுதல் நீளம்.

"பைக் எஞ்சினுக்கு ரிவர்ஸ் இல்ல மச்சான். கார் சுத்தித் திரும்பி நிண்டா எறங்கித் தள்ளணும்."

"தள்ளுவேன்."

"ஹெல்மெட்டோடயா?"

"அதையும் போட்டுக்கிட்டுத்தான்."

அன்று இருவரும் சிரித்தார்கள். பைக் எஞ்சின் என்று முடிவாயிற்று. எடுத்து வர றிஷாத் கொழும்புக்குப் போனான். பஞ்சிகாவத்தைப் பழைய உதிரிப்பாகக் கடைகளிலிருந்து லொறியில் வந்து இறங்கியது கார் எஞ்சின். "மத்தது வித்துப் போச்சு மச்சான். நான் போக முந்தி வேற ஆள் தூக்கிட்டான்."

நுஹ்மான் நம்பினான். அன்றைக்கே காரின் பின்பகுதியை மாற்றி வரைந்தான். மாத்தளையில் ஓர் அலுவலகத்தில் படம் வரைவதுதான் அவன் தொழில். எஞ்சினை வரைந்தான், அச்சை வரைந்தான், சக்கரங்களை வரைந்தான். தகட்டை ஐந்து அங்குலம் முன்னே தள்ளினான். இருக்கையில் ஓர் ஆளை வரைந்து பார்க்கவில்லை. தனக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் அப்படி ஒரு படத்தைக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுத்திருப்பான். மனைவி நிப்லா மௌத்தாகிப் பதினான்கு மாதங்கள். அந்தப் பதினான்கு மாதங்களில் அவன் பல காரியங்களை இப்படித்தான் செய்தான்.

அவள் இறந்த பிறகு அவன் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. காரை நான் ஓட்டுகிறேன் என்றான். அவளுடைய தம்பி றிஷாத், "நீங்கதான் மச்சான், வேற யாரு," என்றிருந்தான்.

நுஹ்மான் பெல்ட்டை இழுத்துத் தோளில் போட்டுப் பார்த்தான். அது தோளுக்கு மிகவும் கீழேயிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தான். பெல்ட் மாட்டும் கம்பி அவன் வரைந்த உயரத்தில் இல்லை.

"இந்தக் கம்பிய ஏன் இவ்வளவு கீழ வெச்சீங்க சசி?"

"நீங்க குடுத்த அளவுதானே நானா."

"நான் குடுக்கல்ல."

"றிஷாத் தம்பி கொண்டாந்தாரு. நீங்க சொல்லிவிட்டதா சொன்னாரு. நான்கூட கேட்டேங்க, நானா பாக்கு மரம் கணக்கா இருக்காரு, இது கட்டையான ஆளுக்குள்ள அளவாச்சேன்னு. அவரு சும்மா சிரிச்சாரு."

"எப்ப?"

"கொழும்புக்குப் போறதுக்கு ரெண்டு நாள் முன்ன." சொல்லி முடித்த பிறகுதான் சசிக்குமாருக்குப் புரிந்தது, எஞ்சின் வாங்கப் போகும் முன்பே கார் வேறோர் ஆளின் அளவுக்கு மாறியிருந்தது என்று. கையிலிருந்த துணியால் ஏற்கெனவே துடைத்திருந்த ஸ்பானர் சாவியை மறுபடி துடைத்தான்.

தோட்டத்து ஆட்களை ஏற்றிய பஸ் ஒன்று கடையைத் தாண்டிப் போனது. அதன் பின்னால் றிஷாத் வீதியைக் கடந்து வந்தான். கையில் எல்லோருக்கும் தின்ன ரோல்ஸ் வாங்கிய பை. அவன் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம்.

"பைக் எஞ்சின் வித்துப் போகல்ல," என்றான் நுஹ்மான்.

றிஷாத் சசிக்குமாரைப் பார்த்தான்.

"அவரப் பாக்காத. என்னப் பாரு."

"வித்துப் போகல்ல மச்சான்."

"ஏன்?"

"உம்மா அழுதிச்சி. உங்கட உம்மாவும்தான். ஓட்ட வாணாம்னு உங்களுக்கு நேராச் சொல்ல ஏலா. கார்ல உங்களுக்கு ஏற ஏலாம ஆனா, நீங்களே விட்டுருவீங்கன்னு..." அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "நீங்க பைக்ல வாற வேகத்த நாங்க பாத்துக்கிட்டுத்தானே ஈக்கிறோம். வளைவுல நீங்க பிரேக் புடிப்பீங்களான்னு யாருக்கும் தெரியல்ல மச்சான்."

நுஹ்மானுக்கு, றிஷாத்தின் உம்மாவான மாமி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சோறு போட்டுக்கொண்டே, "கார் வேல எப்படி மகன்?" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. அவனும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விவரமாகப் பதில் சொல்லியிருக்கிறான். அவ்வளவு பேரும் தலையாட்டிக் கேட்டார்கள்.

"போட்டிக்கு ஃபோம் நெரப்பிக் குடுத்தாச்சா?"

"ம்."

"யாருட பேர்ல?"

றிஷாத் பையைக் கை மாற்றினான். "யாராவது ஓட்டணும்தானே. இவ்வளவு பாடுபட்டுட்டு..."

"நீ ஓட்டினா உம்மா அழ மாட்டாவா?"

"நான் பிரேக் புடிப்பேன் மச்சான்," என்றான் றிஷாத், மெதுவாக.

நுஹ்மான் இரண்டு பக்கக் குழாய்களையும் பிடித்து, முழங்காலை ஒவ்வொன்றாக விடுவித்து வெளியே வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றி இருக்கையில் போட்டான். எஞ்சின் இன்னும் தாங்கிகளில்தான் இருந்தது, அச்சோடு பூட்டவில்லை. நான்கு போல்ட். ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று அவனுக்குப் பார்க்காமலே தெரியும். பதினேழாம் நம்பர் சாவியை எடுத்தான்.

"செயின் புளொக்கக் கொண்டாங்க சசி."

"நானா, மூணு வாரத்துல கார பந்தயக்காரங்ககிட்ட காட்டணுமேங்க."

"தெரியும்."

"இத எறக்கினா யாருக்கும் ஓட ஏலா மச்சான்," என்றான் றிஷாத்.

"ஓட வாணாம்."

நாலாவது போல்ட் கழன்றதும் சசிக்குமார் எஞ்சினில் மாட்டிய கப்பிச் சங்கிலியை இழுத்தான். எஞ்சின் தாங்கியை விட்டு எழும்பி ஒரு பக்கமாக ஆடியது. ஒன்பது மாதப் பழக்கம், றிஷாத் பையைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து அதைப் பிடித்தான்.

"கைய எடு."

றிஷாத் எடுத்தான். எஞ்சின் நுஹ்மானின் பக்கம் வந்தது. அவன் அதை நெஞ்சால் தடுத்து, இரண்டு கைகளாலும் பிடித்து நிறுத்தினான். சட்டை முழுக்க எண்ணெய். சசிக்குமார் அடியிலிருந்த காரை ஒற்றைக் கையால் முன்னே தள்ளிவிட்டான். அது சத்தமில்லாமல் உருண்டு சுவரோரம் போய் நின்றது.